கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்வது?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பொருளாளர் பேசியது. எழுதித் தந்தவரும் அவரே.)



போன கூட்டத்தில் தலைவர் என்னிடம், "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் நின்னா வீட்டுக்கு வீடு உங்களைத்தான் கூப்பிடுதாங்க. எல்லாருக்கும் சேர்த்து ஒரு நாள் பேசிருங்க" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. வ.உ.சி. கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு 1982இல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன், 2020இல் ஓய்வு பெற்றேன். மதர்போர்டில் சாலிடரிங் செய்யத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு ஏன் இடிக்கிறது என்று தேடுவதுதான். அந்த வேலைதான் இங்கேயும் உதவுகிறது.

நான் சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டர் என்றாலே எங்களுக்குப் பயம். 1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் கம்ப்யூட்டர் வைப்பது பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை வந்தது. "இனி கிளார்க் எதுக்கு?" என்று கேன்டீனில் பேசிக்கொள்வோம். அப்புறம் எங்கள் கிளைக்கும் லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. அதற்கு முன் எல்லாம் கையெழுத்து லெட்ஜர்தான். சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அப்போது எங்கள் ஹெட் கிளார்க் ஒரு வழி சொல்லித் தந்தார். எத்தனை ரூபாய் இடிக்கிறது என்று முதலில் பார். அந்தத் தொகை ஒன்பதால் வகுபட்டால், யாரோ இலக்கத்தை மாற்றி எழுதியிருக்கலாம். 7,250ஐ 2,750 என்று எழுதினால் வித்தியாசம் 4,500. ஒன்பதால் வகுத்தால் 500. ஒன்பதால் வகுபடாமல் இரட்டைப்படையாக இருந்தால் பாதியாக்கிப் பார். 1,280 இடித்தால் 640 ரூபாய் வவுச்சரைத் தேடு, வரவில் போட வேண்டியதைப் பற்றில் போட்டிருப்பார்கள்.

இதனால் என்ன லாபம் என்றால், இருநூறு வவுச்சரையும் புரட்ட வேண்டியதில்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டருக்கும் இதேதான். ஆனால் நம்மவர்கள் போனில் சொல்வது என்ன? "சிஸ்டம் வேலை செய்யலை." இதை வைத்துக்கொண்டு எந்த இன்ஜினியராலும் ஒன்றும் செய்ய முடியாது. "கணக்கு இடிக்குது" என்று மட்டும் சொன்னால் ஹெட் கிளார்க் என்ன செய்வார்? எத்தனை ரூபாய் என்றுதானே கேட்பார்?

திரையில் ஏதாவது செய்தி வந்தால் மூடுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் அதை வாசிப்பதே இல்லை, பெருக்கல் குறியை அமுக்கிவிட்டு எனக்குப் போன் செய்கிறார்கள். "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு அண்ணாச்சி." அந்த ஏதோவில்தான் பதில் இருக்கும்.

இரண்டாவதாக, அது எது வரை நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று யோசியுங்கள். எல்லோரும் முதலில் சொல்வது "நான் ஒண்ணுமே செய்யலை" என்பதுதான். நான் குற்றம் சாட்டக் கேட்கவில்லை. நேற்றுக் கரண்ட் போய் வந்ததா? மேசைக்கு அடியில் பெருக்கினார்களா? லீவுக்குப் பேரன் வந்தானா? புது மோடம் மாட்டினார்களா? ராத்திரி அப்டேட் ஆனதா? மூன்றாம் மாடி அக்கா ஒருவர் திரை கருப்பாக இருக்கிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சிபியு பெட்டி முன்பு இருந்ததற்கு ஒரு அடி தள்ளியிருந்தது. தரை துடைக்கும்போது நகர்த்தியதில் மானிட்டர் ஒயர் பாதி கழன்றிருந்தது. அந்த அக்கா அதற்குள் புது மானிட்டர் விலையே விசாரித்துவிட்டார்.

மூன்றாவது, இந்தத் தொல்லை இங்கே மட்டும்தானா, வேறு எங்கும் இருக்கிறதா? இன்டர்நெட் வரவில்லை என்றால் அதே வைஃபையில் செல்போனுக்கு வருகிறதா பாருங்கள். செல்போனுக்கு வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில். இரண்டுக்கும் வராமல், மோடத்தில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து வரும் ஃபைபர் கேபிளில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். அதற்கு நீங்கள் கம்ப்யூட்டரைப் பத்து முறை அணைத்துப் போட்டாலும் பலனில்லை, கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு "எல்ஓஎஸ் சிவப்பு" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அவர் நேராகக் கேபிளைப் பார்க்க ஆளனுப்புவார்.

அணைத்துப் போடுவது பற்றி ஒரு விஷயம். பலருக்கு இது தெரியாது, எனக்கும் வெகு நாள் தெரியாது. விண்டோஸ் 10லும் 11லும் 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி போட்டால் கம்ப்யூட்டர் முழுசாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. சீக்கிரம் எழும்ப வேண்டும் என்பதற்காக உள்ளே ஓடிய சிலவற்றை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுபடி எடுத்துக்கொள்ளும். கோளாறும் கூடவே எழும்பும். அதனால் சரியாகவில்லை என்றால் 'ஷட் டவுன்' அல்ல, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அப்போதுதான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்கும். லேப்டாப் எழும்பவே இல்லையா, சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்துவிட்டுப் பிறகு போட்டுப் பாருங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு கோளாறு உண்டு. உப்புக் காற்று. ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது போலவே கம்ப்யூட்டருக்குள்ளும் நடக்கிறது. பெட்டியைப் போட்டால் ஃபேன் சுற்றும், பீப் பீப் என்று சத்தம் வரும், திரையில் ஒன்றும் வராது. பெரும்பாலும் அது ரேம் எனப்படும் சின்ன அட்டை. அதன் பொன்னிற ஓரத்தில் மங்கல் படிந்து மின்சாரம் சரியாகப் பாயாமல் நிற்கும். ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த அட்டையை எடுத்து, பள்ளிப் பிள்ளைகள் பென்சிலுக்கு வைத்திருக்கும் அழிரப்பரால் அந்த ஓரத்தை மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, மறுபடி கிளிக் என்று சத்தம் வரும் வரை அழுத்தி மாட்டினால் பல நேரம் எழும்பிவிடும். கை நடுக்கம் இருப்பவர்கள் செய்ய வேண்டாம். ஆனால் கடைக்கு எடுத்துப் போகும்போது "போர்டே போயிட்டு" என்று யாராவது உடனே சொன்னால், "ரேமைக் கழற்றித் தேய்ச்சுப் பாத்தீங்களா தம்பி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

இன்னொன்று, ஏ பிளாக் ஆசிரியர் வீட்டில் நடந்தது. வங்கியின் இணையதளத்தைத் திறந்தால் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வருகிறது. மற்ற தளங்களும் அப்படியே. வைரஸ் என்று பயந்துபோயிருந்தார். நான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி 2015 ஜனவரி 1 என்று காட்டியது. அவ்வளவுதான் விஷயம். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓட உள்ளே சிஆர்2032 என்று ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது, மூன்று வோல்ட். சில வருடத்தில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று. வருகிற மாதத் தேதி போட்ட செக்கை இன்று கவுன்ட்டரில் நீட்டினால் நாங்கள் வாங்குவோமா? கம்ப்யூட்டர் தன்னை 2015இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ் அதற்குப் பின்தேதியிட்ட செக்தான், திருப்பி அனுப்பிவிடும். பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது.

நம் சங்கத்தின் துணைவிதிக் கோப்பையும் சொல்ல வேண்டும். 2004இல் தட்டச்சு செய்தது. போன வருடம் செயலாளர் அதைத் திறந்தபோது ஒரே ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தது. "கோப்பு கெட்டுப்போச்சு, அழிச்சுருவோமா?" என்றார். நல்ல வேளை, அழிக்கவில்லை. அது கெடவில்லை. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்தன. 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி அரசு ஒரு விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீடுகளையும் தரப்படுத்தியது. பிறகு 2010இல் யூனிகோடுக்கு மாறியது. இடையில் தட்டச்சு செய்த பல கோப்புகள், அதே எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். இல்லையென்றால் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருவைப் போட்டோ, மாற்றி மென்பொருளில் கொடுத்தோ யூனிகோடாக்கிக்கொள்ளலாம். பத்திர நகல், குலதெய்வக் கோயில் வரவு செலவு, அப்பா எழுதி வைத்தது என்று வீட்டில் இப்படிக் கிறுக்கலாகத் தெரியும் கோப்பு ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெள்ளத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றது. நம் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். கரண்ட் வந்ததும் ஒரு வீட்டில் காய்ந்துவிட்டது என்று நினைத்து கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். புகை வந்தது. நனைந்த பொருளைப் போட்டுப் பார்க்கவே கூடாது. சகதித் தண்ணீர் உள்ளே இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால்தான் அது சாகிறது. போடாமல் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, தகவல் மீட்டெடுப்பவரிடம் கொடுத்திருந்தால் மகள் கல்யாணப் போட்டோக்கள் கிடைத்திருக்க வாய்ப்பிருந்தது. இனி இப்படி ஆகாமலிருக்க ஒரு பிரதி கம்ப்யூட்டரிலும் இன்னொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும். பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு, எதுவானாலும் சரி. கடைக்கு ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் "ஃபார்மேட் பண்ணிரட்டுமா?" என்று கேட்டால் சும்மா தலையாட்டாதீர்கள். ஃபார்மேட் என்றால் உள்ளிருப்பதைத் துடைப்பது.

இனி நான் சொல்லப்போவதைச் சங்கத்தில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செயலாளருக்கு மட்டும் தெரியும், அவருக்கும் பிறகுதான் தெரியும்.

போன ஆண்டுப் பொதுக்குழுவுக்கு இரண்டு நாள் முன்பு. வரவு செலவு அறிக்கை அச்செடுக்க வேண்டும். பிரிண்டர் அசையவில்லை. 'ஆஃப்லைன்' என்று காட்டியது. வேறு வேலை தலைக்கு மேல் இருந்தது. பொறுமை இல்லாமல் செல்போனில் பிரிண்டர் கம்பெனி பெயரைப் போட்டு வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடினேன். முதலில் வந்த எண்ணை அழைத்தேன். மரியாதையாகப் பேசினார். தமிழிலேயே பேசினார். "சார், உங்க டிரைவர் காலாவதி ஆயிருக்கு, நாங்களே இங்கிருந்து சரிபண்ணுறோம்" என்றார். கம்ப்யூட்டரில் ஒரு செயலியை இறக்கச் சொன்னார், என் திரை அவருக்குத் தெரியும்படி. இறக்கினேன். பிறகு பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் மட்டும் கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பி அதைச் செல்போனில் நிறுவச் சொன்னார். நிறுவினேன். எல்லாவற்றுக்கும் 'அனுமதி' கொடுத்தேன். அதில் கார்டு விவரத்தை நிரப்பினேன்.

வங்கியில் 38 வருடம். கவுன்ட்டரில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் "யாரு கேட்டாலும் நம்பர் சொல்லாதீங்க" என்று சொல்லியிருப்பேன்!

சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, "பத்து ரூவாய்க்கு எதுக்கு இவ்வளவு நேரம் பேசுதீங்க?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. போனை வைத்தேன், கம்ப்யூட்டரை அணைத்தேன். அதற்குள் 9,800 ரூபாய் போயிருந்தது.

இதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். முன்னாள் வங்கி ஊழியன், சங்கப் பொருளாளர், இவனே ஏமாந்தான் என்றால் சிரிக்க மாட்டார்களா? கம்ப்யூட்டரைத்தான் அணைத்துவிட்டோமே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். செல்போனில் நிறுவிய அந்தக் கோப்பு இருந்ததை மறந்தேபோனேன். அது எனக்கு வரும் குறுஞ்செய்திகளை அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, ஓடிபி உட்பட. காலை ஆறு மணிக்கு இன்னும் 14,500 போனது. மொத்தம் 24,300. பழக்க தோஷத்தில் ஒன்பதால் வகுத்துப் பார்த்தேன், மிச்சமில்லாமல் வகுபட்டது. ஆனால் இலக்கம் ஏதும் இடம் மாறியிருக்கவில்லை. பணம்தான் இடம் மாறியிருந்தது.

அதற்குப் பிறகும் மத்தியானம் வரை தயங்கிவிட்டுத்தான் வங்கிக்கும் 1930க்கும் சொன்னேன். 9,800 போனது போனதுதான். இரண்டாவது தொகையில் 6,000 ரூபாய் யாரோ ஒருவர் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டு, பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. முதல் நாள் ராத்திரியே சொல்லியிருந்தால் கணக்கை நிறுத்தியிருப்பார்கள், அந்த 14,500 போயே இருக்காது.

அதே கம்ப்யூட்டரில்தான் நம் சங்கக் கணக்கையும் பார்ப்பேன். லிஃப்ட் மாற்றச் சேர்த்து வைத்த பணம் அதில் இருந்தது. அது ஏன் போகவில்லை என்றால், நான் போடும் ஒவ்வொரு பட்டுவாடாவையும் செயலாளர் தன் போனில் ஒப்புக்கொண்டால்தான் நகரும். இரண்டு கை முறை. ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். 'இது எதுக்கு வீண் வேலை' என்று போன வருடம் சிலர் கேட்டீர்கள். பதில் இதுதான். அந்த முறையை மாற்ற வேண்டாம் என்று இன்று கேட்டுக்கொள்கிறேன். நான் பொருளாளராகத் தொடர்வது பற்றி உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் அடுத்த கூட்டத்தில் தயங்காமல் சொல்லலாம்.

பிரிண்டருக்கு என்ன கோளாறு என்று கேட்பீர்கள். அதற்கு முந்தைய வாரம்தான் வீட்டுக்குப் புது மோடம் மாட்டினார்கள். வைஃபை பெயர் மாறிவிட்டது. பிரிண்டர் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. புதுப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்ததும் அச்சடித்தது. மூன்று நிமிட வேலை. 'என்ன மாறியது' என்று நீங்கள் கேட்க வேண்டும் என்கிறேனே, அதை அன்று நான் கேட்டிருந்தால் அந்த எண்ணை அழைத்திருக்கவே மாட்டேன்.

இப்போது இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று நான் மாட்டியது, தேடலில் போலி எண். இன்னொன்று, ஏதோ ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுக்க சிவப்பாகி, சைரன் அடித்து, 'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த எண்ணை அழைக்கவும்' என்று வரும். அது வைரஸ் இல்லை, வெறும் ஒரு இணையப் பக்கம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைச் செய்தியில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. இது ஒன்றை ஞாபகம் வைத்தால் போதும். எஸ்கேப் பட்டனைச் சில நொடி அமுக்கிப் பிடியுங்கள், பக்கத்தை மூடுங்கள். மூட முடியவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதில் வருத்தமான விஷயம், இந்தத் தொழிலைச் செய்யும் கும்பல்கள் நம் நாட்டிலேயே கால் சென்டர் வைத்து வெளிநாட்டு முதியவர்களையும் ஏமாற்றியிருக்கின்றன. 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா 2' என்று சிபிஐ 76 இடங்களில் சோதனை நடத்தியது. அதில் சில வழக்குகள் மைக்ரோசாஃப்டும் அமேசானும் தங்கள் பெயரில் போலி உதவி மையம் நடப்பதாகக் கொடுத்த புகாரில் வந்தவை. ஆக எனக்கு மட்டும் நடந்ததல்ல, உங்களுக்கு மட்டும் நடக்கப்போவதும் அல்ல.

இப்போது ஒரு புதுச் சாக்கு வேறு கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமாக வந்த பாதுகாப்பு அப்டேட் நின்றது. விண்ணப்பித்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. இது உண்மைச் செய்தி. இதை வைத்துக்கொண்டு "சார், உங்க விண்டோஸ் முடிஞ்சுபோச்சு, நாங்க புதுப்பிச்சுத் தர்றோம்" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்று மைக்ரோசாஃப்ட் தானாகப் போன் செய்து சொல்வதில்லை. மாற்ற வேண்டுமா என்பதைச் செட்டிங்ஸில் பார்த்து நாமே முடிவு செய்யலாம்.

தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் செயலிகள் எல்லாம் கெட்டவை என்று சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகன் அப்படித்தான் என் கம்ப்யூட்டரைச் சரிசெய்வான். யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். முத்துக்குளிக்க இறங்குகிறவரின் கயிற்றைப் படகில் மச்சான்தான் பிடித்திருப்பான், தங்கச்சி தாலியை நினைத்தாவது கையை விட மாட்டான் என்று நம் கரையில் சொல்வார்களே. முன்பின் தெரியாத ஆளிடம் யாரும் அந்தக் கயிற்றைக் கொடுத்ததில்லை.

உண்மையான கம்பெனி எண் வேண்டுமென்றால் வாரன்டி அட்டையில் பாருங்கள், பெட்டியின் மேல் பாருங்கள், பில்லில் பாருங்கள். இல்லையென்றால் கம்பெனியின் இணைய முகவரியை நீங்களே மேலே தட்டச்சு செய்து போங்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், காசு கொடுத்தவர் முதலில் நிற்பார். நிஜ உதவி மையத்தில் மாடல் எண், சீரியல் எண், வாங்கிய தேதி கேட்பார்கள். ஓடிபி, ஏடிஎம் பின், கார்டின் பின்பக்க மூன்று இலக்கம் கேட்க மாட்டார்கள்.

அப்படியும் மாட்டிக்கொண்டால்? முதலில் செல்போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், கம்ப்யூட்டரின் இணையத்தைத் துண்டியுங்கள். பக்கத்து வீட்டுப் போனை வாங்கி உங்கள் வங்கிக்கும் 1930க்கும் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கையில் இதற்கு விதி வகுத்தது. தவறு வாடிக்கையாளர் பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை, வேறு எங்கோ என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்றது. ரகசிய விவரத்தை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் நேரம் வரை போனது நம் தலையில் என்றது. சொன்ன பிறகு போனால் வங்கியின் தலையில் என்றது. ஆகவே ராத்திரி பதினோரு மணி என்றாலும் அப்போதே சொல்லுங்கள், புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். என் 14,500க்கும் வங்கிக்கும் நடுவில் நின்றது என் வெட்கம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி முதல் ஆறு மணி வரை சங்க அறையில் இருப்பேன். கம்ப்யூட்டர் தெரிந்த நம் பிள்ளைகள் இரண்டு பேரும் கூட வருகிறோம் என்றிருக்கிறார்கள். கூலி கிடையாது, அவர்களுக்கு ஆளுக்கொரு மக்ரூன் டப்பா வாங்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். லேப்டாப் கொண்டு வருகிறவர்கள் சார்ஜரையும், திரையில் வந்த செய்தியின் போட்டோவையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். டெஸ்க்டாப் என்றால் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், வீட்டு எண்ணைப் பதிவேட்டில் எழுதி, என்ன ஆகிறது, எப்போதிலிருந்து ஆகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம்.